தெரியாதவர்கள் இடது கையைத் தூக்கவும்

1

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மாலை, டொரொன்டோவில் ஒரு பள்ளிக்கூடத்தின் கழிவறையில், ஓர் ஆள் கைகழுவும் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அறைக்குள் தாழ்போட்டு உட்கார்ந்திருந்தான். வயது நாற்பத்தெட்டு. கோட்டு மனைவி வாங்கித் தந்தது. டை மகள் கட்டிவிட்டது. வயிற்றுக்குள் நடந்த கலவரம் ஒன்றுதான் அவனுடைய சொந்தச் சம்பாத்தியம். அந்தக் கலவரம் வெளியே கேட்டுவிடக் கூடாதே என்றுதான் குழாயைத் திறந்துவிட்டது.

அந்த ஆள் நான்தான். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இந்நேரம் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். சிரியுங்கள். திருத்தணியில் பதினெட்டு வருடம் ஆங்கிலம் நடத்தியவன், பரீட்சை ஹாலில் பிட்டு வைத்திருக்கும் பையனை நடையை வைத்தே பிடிப்பவன் என்று பேரெடுத்தவன், இன்ஸ்பெக்‌ஷன் என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து ஒளிந்துகொண்டான். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினேன். பாதி ஜெபத்தில் வாயில் வந்தது "முருகா". திருத்தணியில் பிறந்த கிறிஸ்தவனுக்கு அவசரத்தில் இது நடக்கும். எங்கள் போதகர் காதுக்கு மட்டும் போக வேண்டாம்.

விஷயம் இதுதான். இந்த நாட்டுக்குப் புதிதாகக் குடியேறியவர்களுக்கு மாலை வேளைகளில் இலவசமாக ஆங்கிலம் சொல்லித் தருகிறார்கள். அதில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. ஆறு மாதமும் முடிகிற நேரம். மேற்பார்வையாளர் ஒருவர் வந்து வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார். இவரை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் நான் முன்பு இருந்த கம்பளக் கிடங்குக்கே திரும்ப வேண்டும். அங்கே என் வேலை, சுருட்டிய கம்பளங்களின்மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து, எது எந்த லாரிக்கு என்று கத்துவது. நான் படித்த ஆங்கில இலக்கியம் அதற்கு உதவியது என்று சொன்னால் என் கல்லூரிப் பேராசிரியர்கள் கோபிப்பார்கள். ஆனால் கத்துவதற்கு நன்றாகவே உதவியது.

2

நான் இங்கே வந்தது என் திறமையால் அல்ல. என் மனைவி ரூத் நர்ஸ். அரக்கோணம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எழுபதுகளின் கடைசியில் அவளுக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. விசா காகிதங்களில் நான் 'உடன் வருபவர்'. மகள் பிரிசில்லாவும் உடன் வருபவர். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. ஆக, சர்க்கார் கணக்கில் நானும் ஒன்பது வயதுப் பெண்ணும் ஒரே வகுப்பு.

அவள் பாஸாகி மேலே போய்விட்டாள். நான்தான் அதே வகுப்பில் தங்கினேன். வந்த புதிதில், பக்கத்து வீட்டு அம்மாள் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டபோது, நம்மூர் வழக்கப்படி "சிம்ப்ளி சிட்டிங்" என்றேன். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். அந்த அம்மாள் எனக்கு ஏதோ மனச்சோர்வு என்று நினைத்து ஒரு பாத்திரம் நிறைய சூப் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்புறம் சான்றிதழ் மதிப்பிடும் அலுவலகம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் 'திருத்தணி' என்பதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அங்கே எந்த மொழியில் பாடம் நடத்தினீர்கள்?" என்று கேட்டாள்.

"ஆங்கிலப் பாடம்" என்றேன்.

"அது சரி. எந்த மொழியில் நடத்தினீர்கள்?"

உண்மையைச் சொன்னால் தமிழில். கொஞ்சம் தெலுங்கில். திட்டுவது மட்டும் ஆங்கிலத்தில். முகத்தை நேராக வைத்துக்கொண்டு "ஆங்கிலத்தில்" என்றேன்.

"அப்படியானால் எங்கள் ஆங்கிலத் தேர்வு உங்களுக்குச் சுலபமாக இருக்கும்" என்று ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தாள்.

ஒலிநாடாவில் ஒரு மனிதன் பேசுவான். கேட்டுப் பதில் எழுத வேண்டும். அவன் வாயைத் திறக்காமலே பேசினான். முதல் தடவை நான் தேறவில்லை. இதை ஊரில் யாருக்கும் எழுதவில்லை. இரண்டாம் தடவை தேறியதை மட்டும் எல்லாருக்கும் எழுதினேன்.

பிரிசில்லாவுக்கு இப்போது பதினைந்து. தமிழ் புரிகிறது, பதில் ஆங்கிலத்தில் வருகிறது. கோபம் வந்தால் மட்டும் அசல் தமிழ். அவள் தாய்மொழியை மறந்துவிடக் கூடாதே என்று நானும் அவ்வப்போது கோபமூட்டி வருகிறேன். என் உச்சரிப்பை அவள் திருத்துவாள். முன்பெல்லாம் சத்தமாகத் திருத்துவாள். இப்போது அவள் சிநேகிதிகள் வந்திருந்தால், திருத்துவதுகூட இல்லை. நான் பேசுவது காதில் விழாததுபோல் இருந்துவிடுகிறாள். சத்தமாகத் திருத்திய காலமே தேவலை.

3

திருத்தணியில் எனக்குப் பட்டப்பெயர் 'கொக்கி சாரு'. காரணம் சொல்கிறேன்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பையன்களுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கரும்பலகையில் ஆங்கிலம். தமிழிலும் தெலுங்கிலும் ஒருவனைப் பற்றிய சமாச்சாரம் முதலில் வரும், ஆள் கடைசியில் வருவான். 'நேற்று மொட்டை போட்டுக்கொண்டு வந்த பையன்' என்போம். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்து நிற்க வேண்டும். மொட்டை, நேற்று எல்லாம் 'ஹூ' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் பின்னால் வரும். அந்தப் பின்பகுதிக்கு 'அட்ஜெக்டிவ் கிளாஸ்' என்று பெயர்; நம் பெயரெச்சத் தொடர் மாதிரி. பெயரைக் கேட்டாலே பையன்களுக்குத் தூக்கம் வரும்.

அதனால் அரக்கோணம் ஸ்டேஷனை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். ஆள்தான் இன்ஜின். அவன் செய்த காரியம் பெட்டி. நடுவில் இருக்கும் ஹூ, விச், தட் எல்லாம் கொக்கி. நம் பாஷையில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். அவர்கள் பாஷையில் முன்னாலிருந்து இழுக்கும். பெட்டிகளைக் கோத்துக் கழற்றும் ஷண்டிங்கைப் பார்க்காத பையன் எங்கள் பக்கத்தில் கிடையாது. நானே 'கூ' என்று ஊதிக்கொண்டு இரண்டு பையன்களைக் கோத்து இழுத்துக்கொண்டு வகுப்பைச் சுற்றி வருவேன். ஆடிக் கிருத்திகை முடிந்த வாரம் என்றால், காவடிக்காரர்கள் தங்கிவிட்டுப் போன வகுப்பறையில் வாழைப்பழத் தோலில் வழுக்கி, இன்ஜினே தடம் புரளும். "என் சோற்றைத் திருடின குரங்கு கூரைமேல் இருக்கிறது" என்று பலகையில் எழுதிப் போட்டு, ஆங்கிலத்தில் சொல்லுங்கடா என்பேன். குரங்கும் நிஜமாகவே கூரைமேல்தான் இருக்கும்.

"புரிஞ்சுதாடா?"

"எஸ் சார்!" கூரையில் இருக்கிற குரங்கு எழுந்து ஓடும் அளவுக்கு.

இன்ஸ்பெக்‌ஷன் என்று வந்தால் மட்டும் அந்த 'எஸ் சார்' கூட வராது. கல்வி அதிகாரி பின்னால் வந்து உட்கார்ந்ததும் பையன்கள் ஊமையாகிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நாளைக்கு அதிகாரி வருகிறார் என்றதும் எனக்கு ஜுரமே வந்துவிட்டது. எங்கள் தலைமையாசிரியர் தெலுங்கு வீட்டுக்காரர்; அவரைவிடச் சின்னவர்கள் எல்லாரும் அவருக்கு 'நைனா'தான், அதனாலேயே முதுகுக்குப் பின்னால் எங்களுக்கு அவர்தான் நைனா. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது?"

"நாளைக்கு அவுரு வர்றாருங்களே சார். கேள்வி கேட்டா பசங்க கம்முனு குந்திகினு இருக்கறானுங்க."

"கை தூக்கச் சொல்லு."

"தெரிஞ்சாத்தான சார் தூக்குவானுங்க?"

"தெரிஞ்சவன் வலது கையத் தூக்கட்டும். தெரியாதவன் இடது கையத் தூக்கட்டும். மொத்தத்துல எல்லாரும் தூக்கணும், அவ்ளோதான். நீ வலது கையா பாத்துக் கூப்டு. பின்னாடி குந்திகினு இருக்கறவருக்குத் தோப்பு மாதிரி தெரியும்."

அப்படியே தெரிந்தது. அதிகாரி என் கையைக் குலுக்கினார். அதற்கப்புறம் வருடா வருடம் தோப்புதான். எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத வாத்தியார் யாரையும் நான் பார்த்ததில்லை. யாரும் இதைப் பொய் என்று சொல்லவும் மாட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி, இதுவும் ஒரு ஏற்பாடு.

4

இங்கே என் வகுப்பில் எல்லாரும் பெரியவர்கள். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்கள், போர்த்துக்கல்காரர்கள், போலந்திலிருந்து வந்த ஹலினா. ரொட்டிக் கடையில் வேலை செய்துவிட்டு மாவு ஒட்டிய சட்டையோடு வருவாள். இன்னொருவர் பியெட்ரோ, இத்தாலிக்காரர், கொத்தனார். அறுபது வயது இருக்கும். இந்த ஊருக்கு வந்து பல வருடம் ஆகிறது. கட்டட வேலையில் சுற்றிலும் இத்தாலிக்காரர்கள்தான் என்பதால் ஆங்கிலம் தேவைப்படவில்லை. இப்போது எதற்கு வருகிறீர்கள் என்று கேட்டேன். பேரனுக்கு இத்தாலி பாஷை தெரியாது என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை. என் வீட்டுக்குள்ளேயே பதினைந்து வயதில் ஒருத்தி இருக்கிறாளே.

அவருக்கு வாக்கியங்கள் ஒட்டவே ஒட்டாது. "இவள் என் மனைவி. இவள் சமைக்கிறாள்" என்று இரண்டு செங்கல்லைத் தனித்தனியாக வைப்பார். நடுவில் 'ஹூ' பூசச் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு மூன்றாவது செங்கல்லை வைப்பார். நான் அரக்கோணம் ரயிலை ஓட்டிக் காட்டினேன். "இன்ஜின் எங்கே?" என்று கேட்டார். அவர் தினமும் ஏறும் சுரங்க ரயிலில் இன்ஜின் என்று தனியாக ஒன்று கிடையாது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகும். என் பதினெட்டு வருட வித்தை ஒரே கேள்வியில் தடம் புரண்டது. குரங்கை அணிலாக மாற்றிப் பார்த்தேன். அணில் எதையும் திருடவில்லை என்று ஹலினா அணிலுக்காக வாதாடினாள்.

ஆனால் ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் "புரிந்ததா?" என்று கேட்பேன். "எஸ், டீச்சர்" என்பார்கள். எனக்கும் திருத்தணியில் இருப்பதுபோல் ஒரு நிம்மதி வரும்.

செவ்வாய்க்கிழமை மேற்பார்வையாளர் வருகிறார் என்று தெரிந்ததும், திங்கட்கிழமை வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில் கதவைச் சாத்தினேன். நைனா எனக்குச் சொன்னதை நான் அவர்களுக்குச் சொன்னேன். தெரிந்தவர் வலது கை. தெரியாதவர் இடது கை. எல்லாரும் தூக்க வேண்டும். கையாலும் காலாலும் நடித்துக் காட்டினேன். வியட்நாம்காரர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். ஹலினா ஒரு கண்ணைச் சிமிட்டினாள்; போலந்திலும் அதிகாரிகள் உண்டு போலிருக்கிறது. பியெட்ரோ இரண்டு கைகளையும் மாறி மாறித் தூக்கிப் பார்த்து ஒத்திகை செய்தார்.

வீட்டில் சொன்னபோது ரூத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, அரக்கோணத்துலயும் எங்க டீச்சரம்மா இதையேதான் பண்ணாங்க. நான் எப்பவும் இடது கைதான்!"

பிரிசில்லா சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "தட்ஸ் சீட்டிங்" என்றாள்.

"சீட்டிங் இல்லடி, அது ஒரு ஏற்பாடு" என்றேன். அந்த ஏற்பாடு என்ற சொல்லுக்கு எனக்கு ஆங்கிலம் கிடைக்கவில்லை.

5

மேற்பார்வையாளர் மிஸ் கார்வருக்கு முப்பது வயதுகூட இருக்காது. காலில் கேன்வாஸ் ஷூ, கையில் காகிதக் குவளையில் காபி. நான் கல்வி அதிகாரிக்குச் செய்வதுபோல் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அலுவலக அறையிலிருந்து கைவைத்த நாற்காலி. அதன்மேல் ரூத்தின் பூப்போட்ட துண்டு. பக்கத்தில் சாஸர் போட்டு மூடிய தண்ணீர் டம்ளர். அவர் நுழைந்ததும் என் கண்ஜாடையில் வகுப்பு முழுதும் எழுந்து நின்று "குட் ஈவினிங், மேடம்" என்றது. பாவம், அந்தப் பெண் திரும்பி, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார். பிறகு துண்டு போட்ட நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், பியெட்ரோவுக்குப் பக்கத்துச் சாதாரணப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பலகையில் இரண்டு வாக்கியம் எழுதினேன். இதை ஒன்றாக்குங்கள் என்றேன்.

தோப்பு எழுந்தது.

எனக்கு ஒரு கணம் மார்பு நிமிர்ந்தது. அடுத்த கணம் வலது கைகளைத் தேடினேன். ஹலினாவின் கை. முன்வரிசையில் ஒரு வியட்நாம்காரரின் கை. அவ்வளவுதான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். மிச்சம் அத்தனையும் இடது. மோதிரம் போட்ட இடது, கடிகாரம் கட்டிய இடது, ப்ளாஸ்திரி ஒட்டிய இடது. எல்லாவற்றுக்கும் மேலாக, சிமென்ட் தின்ற விரல்களோடு பியெட்ரோவின் இடது.

இரண்டு மாதமாக இதே பாடம். இரண்டு மாதமாக "எஸ், டீச்சர்".

ஹலினாவைக் கூப்பிட்டேன். சரியாகச் சொன்னாள். அடுத்த கேள்விக்கு வியட்நாம்காரர். அடுத்ததற்கு ஹலினா. மறுபடி அவர். மறுபடி ஹலினா. அந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் ரயிலை ஓட்டினேன். நெற்றியிலிருந்து வியர்வை டைக்குள் போயிற்று. ஹலினா எழுந்திருக்கும்போது பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டாள்.

மிஸ் கார்வர் பின்னாலிருந்து, "வேறு யாரையாவது கேட்போமா?" என்றார். பக்கத்தில் உயர்ந்திருந்த கையைப் பார்த்து, "நீங்கள்? விச் வைத்து நீங்களே ஒரு வாக்கியம் சொல்லுங்களேன்."

பியெட்ரோ எழுந்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் உயர்த்திய கையை இறக்க மறந்துபோய், அதையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"திஸ் இஸ் த ஹேண்ட்," என்றார். நிறுத்தினார். வழக்கமாக அடுத்த செங்கல் தனியாக விழும் இடம். "விச் வி புட் அப், வென் வி டோன்ட் நோ."

தெரியாதபோது நாங்கள் தூக்கும் கை இது. ஒரு பிழை கிடையாது. இன்ஜின், கொக்கி, பெட்டி எல்லாம் அதனதன் இடத்தில். வகுப்பு கை தட்டியது. ஹலினா பெஞ்சில் குத்தினாள். பியெட்ரோ இரண்டு கைகளையும் கோத்துத் தலைக்குமேல் ஆட்டினார். இத்தனை வருடமாக ஒட்டாதது ஒட்டிவிட்டது. கொக்கி மாட்டியது என் கழுத்தில்.

"மற்றக் கை?" என்று கேட்டார் மிஸ் கார்வர்.

இனி அவரை யார் நிறுத்துவது? மற்றக் கையைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னார். அதுவும் சரியாகவே இருந்தது.

கம்பளக் கிடங்கு என் கண்முன்னால் வந்து நின்றது. எந்த லாரி, எந்தச் சீட்டு எல்லாம் தெரிந்தது. மிஸ் கார்வர் எழுந்து முன்னால் வந்தார். எல்லாரையும் இன்னொரு முறை கை தூக்கச் சொன்னார். நிதானமாகப் பார்த்தார். ஏதோ எழுதிக்கொண்டார். நான் துண்டு போட்ட நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வேறு யாருக்கும் அது உபயோகப்படவில்லையே.

வகுப்பு முடிந்ததும் நடைபாதையில் என்னை நிறுத்தினார். "மிஸ்டர் சாலமன், இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?"

"எதை?" என்றேன்.

"இந்தக் கை முறையை. பெரியவர்களுக்குத் தெரியவில்லை என்று சொல்வதற்குத்தான் ரொம்ப வெட்கம். எல்லா வகுப்பிலும் எங்களுக்கு இதே கஷ்டம். நீங்கள் வெட்கப்படாமல் அதைச் சொல்ல ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறீர்கள். எல்லாரும் கை தூக்குகிறார்கள். யாரும் ஒதுங்கி நிற்கவில்லை. யாருக்குப் புரியவில்லை என்று உங்களுக்கும் தெரிந்துவிடுகிறது. நான் இப்படிப் பார்த்ததே இல்லை." உங்களை நிரந்தரமாக்கச் சொல்லி இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை எல்லா ஆசிரியர்களும் கூடுகிறார்கள். அங்கே நீங்கள் இதைச் செய்து காட்ட வேண்டும் என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். "தேங்க் யூ, மேடம்" என்று வந்தது.

6

பஸ்ஸில் வரும்போது சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தவை அந்த இடது கைகள்.

அந்தப் பெண் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் உறுத்தியது. தினமும் "புரிந்ததா" என்று நான் கேட்டபோதெல்லாம் அவர்கள் எனக்காகப் பொய் சொன்னார்கள். அதிகாரியை ஏமாற்ற ஏற்பாடு செய்த அன்றைக்குத்தான் நிஜத்தைச் சொன்னார்கள். திருத்தணியிலும் அப்படித்தானே நடந்திருக்கும்? வருடத்துக்கு ஒரு தடவை, வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகள் இடது கையைத் தூக்கி, சார், எங்களுக்குத் தெரியாது என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் வலது கைகளை மட்டும் பார்த்தேன். அதை மட்டும் பார்க்கத்தானே நைனா சொல்லிக் கொடுத்தார். எத்தனை இடது கைகள் இருந்தன என்று இன்றைக்கு யாராவது என்னைக் கேட்டால், எனக்குத் தெரியாது. தோப்பு என்றுதான் ஞாபகம். கொக்கி சாரு என்று கூப்பிட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் கொக்கி மாட்டியது என்பதும் தெரியாது.

வீட்டுக் கதவைத் திறந்ததும் ரூத் கேட்டாள். "இன்னாங்க, ஆச்சா?"

"ஆங், ஆச்சு. நிரந்தரமாக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அவள் அப்படியே நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். என் வேலை நிலைக்குமா, நிலைக்காதா என்று தெரியாத இத்தனை காலமும் அவள்தான் இரட்டை ஷிப்ட் பார்த்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். "இனிமே ஞாயித்துக்கெழமையாவது வூட்ல இருப்பேன்."

நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். பியெட்ரோ எழுந்த கட்டத்தில் ரூத் தலையில் கை வைத்துக்கொண்டாள். முறை என்று பாராட்டிய கட்டத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிரிசில்லா சிரிக்கவில்லை.

"அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தமிழ். எனக்குச் சுரீரென்றது. "அவங்கள ஏமாத்தத்தான் நீங்க அப்படிச் செஞ்சீங்கன்னு அவங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியாது."

"சொல்லலையா?"

"சொன்னா வேலை பூடுச்சுன்னா?"

"விடுடி" என்றாள் ரூத். "நல்லதாத்தான முடிஞ்சிருக்குது. அவங்களே நல்லா இருக்குதுன்னு சொல்றாங்க, நீ இன்னா நடுவுல?"

"நல்லதுக்காக அப்பா செய்யலையேம்மா. அது அவருக்கே தெரியும்." என் பக்கம் திரும்பினாள். "இப்ப எல்லா டீச்சர்ஸ் முன்னாடியும் போய் நின்னு, ஐ இன்வென்டட் திஸ்னு சொல்லப் போறீங்களா? என் ஃப்ரெண்டோட அம்மாகூட அங்க டீச்சர்."

வெகுநாளைக்கப்புறம் அவள் என் முகத்தைப் பார்த்து இவ்வளவு நேரம் பேசினாள். கோபத்தில்தான், ஆனால் பேசினாள். அதற்காகவோ என்னவோ, "வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் நெசத்தச் சொல்லிடறேன்" என்றேன்.

ரூத் என்னைப் பார்த்தாள். காலை மடக்கிக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள். "கிடங்குல உங்க எடத்துக்கு இன்னும் ஆள் போடலியாம்" என்று மட்டும் சேர்த்துக்கொண்டாள்.

7

வெள்ளிக்கிழமை. பெரிய ஹால். நாற்பது ஐம்பது ஆசிரியர்கள், ஆளுக்கொரு காகிதக் குவளை. மிஸ் கார்வர் என்னை அறிமுகப்படுத்தி, அந்த முறையைப் பற்றிச் சொன்னார். நான் செய்து காட்டினேன். "அட்ஜெக்டிவ் கிளாஸ் என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்?" என்றதும் ஹால் முழுக்கக் கைகள். சில வாத்தியார்கள் வேண்டுமென்றே இடது கையைத் தூக்கிக் கண்ணடித்தார்கள். நல்ல மனிதர்கள்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, "இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்.

இதற்குத்தான் காத்திருந்தேன். பஸ்ஸில் வரும்போதே வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். "இது என் யோசனை அல்ல" என்றேன். "எங்கள் ஊரில் எல்லா வாத்தியார்களும் செய்வது. இன்ஸ்பெக்டர்களை ஏமாற்றுவதற்காக. மிஸ் கார்வரை ஏமாற்றத்தான் நானும் செய்தேன்."

ஹால் வெடித்தது. அப்படி ஒரு சிரிப்பு. முன்வரிசை அம்மாள் உட்கார்ந்தே விட்டார். மிஸ் கார்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"இல்லை, நிஜமாகத்தான்" என்றேன். "அவரை ஏமாற்றத்தான்."

இன்னும் பெரிய சிரிப்பு. யாரோ விசிலடித்தார்கள்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் முறை சொன்னபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, பயத்தில் இருந்தேன். இரண்டாம் முறை சொன்னபோது தெரியும். புருவத்தை ஒரு பக்கம் தூக்கியிருந்தேன். வாயோரத்தைச் சுழித்திருந்தேன். நடுவில் சரியான இடத்தில் ஒரு மூச்சு நிறுத்தினேன். ரயில் ஊதிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவனுக்கு எது சிரிப்பு, எது சிரிப்பில்லை என்று தெரியாதா? முகத்தை நேராக வைத்துக்கொண்டு மூன்றாம் முறை சொல்லியிருந்தால் ஹால் அடங்கியிருக்கும். அந்த முகமும் எனக்கு வரும். கண்ணாடி ஜன்னல் பெண்ணிடம் பொய் சொல்ல வந்ததே.

மூன்றாம் முறை சொல்லவில்லை. இடுப்பை வளைத்து ஒரு கும்பிடு போட்டேன். கை தட்டினார்கள்.

திங்கட்கிழமை நிரந்தர உத்தரவு வந்தது. அன்று வகுப்பில் நான் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். "புரிந்ததா" என்று கேட்பதை விட்டுவிட்டேன். இடது கைகள் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போய் உட்காருகிறேன், மெதுவாகத்தான் நகர்கிறது. ரூத் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாள். பகல் முழுக்கத் தூங்கினாள்.

கூட்டம் நடந்த வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது பிரிசில்லா படித்துக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"சிரிச்சாங்க."

"எப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள். "எனக்குச் சொல்லிக் காட்டுங்க."

நான் கோட்டைக் கழற்றி மாட்டப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் புத்தகத்துக்குள் போயிருந்தாள். அதற்கப்புறம் கேட்கவில்லை. வீட்டில் மறுபடி ஆங்கிலம்தான்.

அவளுக்குச் சொல்லிக் காட்ட என்னால் முடியவில்லை. வாயைத் திறந்தாலே புருவம் தானாக ஏறிக்கொள்கிறது. எழுதும்போது அந்தச் சிக்கல் இல்லை. காகிதத்தில் என் முகம் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதினேன்: மிஸ் கார்வரை ஏமாற்றத்தான் அப்படிச் செய்தேன்.